பேறா, அருளா? ஒரு லத்தீன் சொல்லின் தமிழ்ப் பயணம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவூர்ப் பக்கம் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களின் பெயர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். பாட்டி பாக்கியம், தாத்தா அருளப்பன், பிள்ளைகள் பெனடிக்ட், பெலிக்ஸ், பியாட்ரிஸ். ஐந்து பெயர்களும் ஒரே கருத்தைத்தான் சுற்றி வருகின்றன. நல்வாழ்வு வாய்த்தவர், நல்வாக்குப் பெற்றவர், அருள் கிடைத்தவர், மகிழ்ச்சி தருபவர் என்று வெவ்வேறு கோணங்களில் அவை அதைச் சொல்கின்றன. இவற்றில் மூன்று லத்தீன் பெயர்கள். பியாட்ரிஸ் என்ற பெயரின் இன்றைய வடிவம் 'பெயாத்துஸ்' என்ற சொல்லின் சாயலில் திருத்தி எழுதப்பட்டது என்பது பெயராய்வாளர் பலரின் கருத்து. அந்தப் பெயாத்துஸ் என்ற சொல்லே இக்கட்டுரையின் பொருள்.

இன்று கத்தோலிக்கத் திருச்சபையில் இச்சொல் ஒரு பட்டம். புனிதர் நிலைக்கு முந்திய படியில் இருப்பவருக்கு அது உரியது. தமிழ்த் திருச்சபை அவரை 'அருளாளர்' என்கிறது. சற்று முன்புவரை 'முத்திப்பேறு பெற்றவர்' என்று சொல்லி வந்தது. நாளிதழ்களில் இன்றும் அத்தொடரைக் காணலாம். இவ்விரு தமிழாக்கங்களில் எது அந்த லத்தீன் சொல்லுக்கு நெருக்கமானது? இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கல் அன்று. அருளைப் பெறுபவர் யார், தருபவர் யார் என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

செல்வரிலிருந்து ஏழைவரை

பெயாத்துஸ் என்பது ஒரு வினையிலிருந்து பிறந்த எச்சச் சொல். 'மகிழ்விக்கப்பட்டவர்', 'நிறைவிக்கப்பட்டவர்' என்பது அதன் நேர்ப்பொருள். அதன் இலக்கண வடிவிலேயே ஒரு செய்தி உண்டு: அந்த நிறைவு அவராக உண்டாக்கிக்கொண்டதன்று; அவருக்கு வாய்த்தது. ஆனால் பண்டைய உரோமின் அன்றாடப் பேச்சில் இச்சொல் பெரும்பாலும் வசதி படைத்தவரையே குறித்தது. நிலபுலன் உள்ளவர், குறையில்லாதவர், கொடுத்துவைத்தவர். 'மகராசன்' என்று நம் ஊரில் சொல்வதில் இருக்கும் பொறாமையும் வாழ்த்தும் கலந்த தொனி அதிலும் உண்டு.

உரோமக் கவிஞர் ஒராசின் புகழ்பெற்ற பாடலொன்று இச்சொல்லில்தான் தொடங்குகிறது. நகரத்துக் கொடுக்கல் வாங்கல்களை விட்டு விலகி, முன்னோர் நிலத்தைத் தன் மாடுகளால் உழுது வாழ்பவனைப் பெயாத்துஸ் என்று அது போற்றுகிறது. கடைசியில்தான் தெரிகிறது, இப்படிப் போற்றியவன் வட்டிக்கு விடுபவன் என்று. கிராமத்துக்குப் போய்விடுகிறேன் என்று வசூலித்த முதலை மறுபடியும் வட்டிக்கே விடப் பார்க்கிறான். பணமா நிறைவா என்ற இழுபறி இச்சொல்லுக்குள் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

தத்துவவாதிகள் அதைப் பணத்திடமிருந்து பிரிக்க முயன்றார்கள். கி.மு. 45 வாக்கில் சிசரோ தேவர்களின் இயல்பைப் பற்றி எழுதியபோது, பெயாத்துஸ் என்ற நிலைக்கு ஒரு பண்புப்பெயர் தேவைப்பட்டது. லத்தீனில் இல்லை. இரண்டு புதுச்சொற்களை ஆக்கிக்காட்டினார். இரண்டுமே கரடுமுரடாக இருப்பதை அவரே ஒப்புக்கொண்டு, வழங்க வழங்கத்தான் சொற்கள் மென்மையாகும் என்று சமாதானம் சொன்னார். அவற்றுள் ஒன்றான 'பெயாத்தித்தூதோ' பின்னர்க் கிறித்தவ இறையியலின் தூண்களில் ஒன்றாயிற்று. கலைச்சொல் ஆக்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி இது.

கி.பி. 386இல் அகுஸ்தீன் தம் பிறந்தநாளை ஒட்டி நண்பர்களோடும் தாய் மோனிக்காவோடும் மூன்று நாள் உரையாடி, பெயாத்துஸ் ஆன வாழ்வைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விரும்பியது கிடைத்தவர் பெயாத்துஸ்தானா என்பது கேள்வி. நல்லதை விரும்பி அது கிடைத்தால் ஆம். கெட்டதை விரும்பிக் கிடைத்தாலும் அவர் பரிதாபத்துக்குரியவர்தான் என்றார் மோனிக்கா. ஏட்டுக் கல்வி பெறாத தாய் தத்துவத்தின் உச்சியையே பிடித்துவிட்டார் என்று மகன் வியந்தார். இறைவனை உடையவரே பெயாத்துஸ் என்ற முடிவுக்கு அந்த உரையாடல் வந்து சேர்கிறது.

சொல்லைத் தலைகீழாக்கியது விவிலியம். கிரேக்கத்தில் 'மகாரியோஸ்' என்று இருந்ததை லத்தீன் விவிலியம் பெயாத்துஸ் என்று பெயர்த்தது. மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் தொடக்கத்தில் இயேசு யார் யாரை இச்சொல்லால் அழைக்கிறார் என்று பாருங்கள்: ஏழையரின் உள்ளத்தோர், துயருறுவோர், நீதிக்காகப் பசித்திருப்போர், துன்புறுத்தப்படுவோர். நிலக்கிழாருக்கு உரிமையாக இருந்த சொல் ஒரே மூச்சில் ஏழைக்கும் அழுபவருக்கும் போய்விட்டது. உரோமக் காதுகளுக்கு இது அதிர்ச்சியாகவே இருந்திருக்கும்.

ஆசி வேறு, பேறு வேறு

லத்தீனில் இதற்கு அண்டையில் இன்னொரு சொல் உண்டு: 'பெனெதிக்துஸ்'. நல்ல வார்த்தை சொல்லப்பட்டவர் என்பது அதன் பொருள், ஆசி பெற்றவர். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆசி என்பது ஒருவர் வாயால் மற்றொருவருக்குச் சொல்வது. பேறு என்பது ஒருவர் வந்தடைந்த நிலை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், ஆங்கிலம் வழியாக மட்டும் விவிலியம் படிப்பவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை.

தமிழ் அதைக் காப்பாற்றியிருக்கிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்து மரியாவைச் சந்திக்கும் காட்சியில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. இன்றைய திருவிவிலியத்தில் ஓரிடத்தில் 'ஆசி பெற்றவர்', அடுத்து 'பேறுபெற்றவர்'. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் 'ஆசீர்வதிக்கப்பட்டவள்', பிறகு 'பாக்கியவதி'. மலைப்பொழிவிலும் முன்னதில் 'பேறுபெற்றோர்', பின்னதில் 'பாக்கியவான்கள்'.

பாக்கியம், பேறு ஆகிய இரண்டு சொற்களும் பெயாத்துஸுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. பாக்கியம் வடமொழியில் 'பங்கு' என்ற பொருளடியிலிருந்து வருவது. ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்ட பங்கு. பேறு 'பெறு' என்ற வினையின் நீட்சி. மகப்பேறு என்கிறோம், வீடுபேறு என்கிறோம். பதினாறு பேறு என்று செல்வங்களை எண்ணுகிறோம். பிள்ளை, பொருள், முத்தி ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்குகிறது. உரோமரின் சொல்லைப் போலவே இதுவும் வசதியில் தொடங்கி விடுதலையில் முடிகிறது. அதுபோலவே, தானாக ஆக்கிக்கொண்டதைச் சொல்லாமல் வந்து சேர்ந்ததைச் சொல்கிறது.

'திரு' என்ற சொல்லின் கதையும் இதுவே. செல்வத்தைக் குறித்த அந்தச் சொல்தான் தூய்மையையும் குறித்தது. திருமயம், திருக்கோகர்ணம், திருவரங்குளம், திருவேங்கைவாசல் என்று புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றின் தலையில் அது அமர்ந்திருக்கிறது. பொருளையும் புனிதத்தையும் ஒரே சொல்லில் வைத்துப் பேசுவதும், பிறகு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதும் உரோமருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. திருக்குறளின் அருளுடைமை அதிகாரம் அருளாகிய செல்வத்தைப் பொருளாகிய செல்வத்திலிருந்து பிரித்து மேலே வைத்துத்தான் தொடங்குகிறது.

இந்தப் பிரிவைக் கதையாகவே வைத்திருக்கும் ஊர் ஒன்றும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. ஆவுடையார்கோவில் எனப்படும் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு வந்த அமைச்சர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, அரசன் கொடுத்த பொன்னைக் கோவிலுக்குச் செலவிட்டார் என்கிறது மாணிக்கவாசகர் வரலாறு. பொன்னைக் கைவிட்டவர் அருளைப் பெற்றார். சைவர்கள் இதை 'ஆட்கொள்ளப்படுதல்' என்பார்கள். செயல் முழுவதும் இறைவனுடையது, அடியவர் கொள்ளப்படுபவர். பெயாத்துஸ் என்ற எச்சத்தின் இலக்கணத்தை விளக்க இதைவிட நல்ல உள்ளூர்ச் சான்று கிடைப்பது அரிது.

ஆவூரிலிருந்து உரோமைக்கு

மாவட்டத்தின் தென்கிழக்கில் திருப்பெருந்துறை என்றால், வடமேற்கில், விராலிமலை வட்டாரத்தில் ஆவூர். மதுரை மறைப்பணித்தளத்தின் இயேசு சபையினருக்கு அது முக்கியமான நிலையம். பிரெஞ்சுக் குருவான வெனான்சியுஸ் பூஷே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே கோவில் எழுப்பினார். புதிய கோவில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றியவர். பெரியநாயகி மாதா கோவில் என்று வழங்கும் அவ்வூரில் உயிர்ப்புக் காலப் பாஸ்கா நாடகமும் தேரும் புகழ்பெற்றவை.

இந்தக் குருக்களின் முன்னிருந்த அன்றாட வேலைகளில் ஒன்று சொல் தேடுவது. இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபின், கோவில், பூசை, குரு, வேதம், பிரசாதம், அருள் போன்ற சொற்கள் கிறித்தவ வழக்கில் வேர்பிடித்தன. புனிதரைக் குறிக்க 'அர்ச்சியசிஷ்டர்' என்ற வடமொழி ஆக்கம் நெடுங்காலம் நிலவியது. பழைய கோவில் பலகைகளில் 'அர்ச்.' என்ற சுருக்கத்தை இன்றும் காணலாம். வீரமாமுனிவர் இன்னும் துணிந்தார். தேம்பாவணியில் யோசேப்புக்கு 'வளன்' என்று பெயரிட்டார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்தல் என்ற பொருள் உண்டு; அதைத் தமிழில் வளமாக்கினார். திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரியைக் கடந்து போகிறவர்கள் அந்த மொழிபெயர்ப்பைக் கடந்துதான் போகிறார்கள்.

அதே மறைப்பணித்தளத்தின் இன்னொரு பெயர் அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ பண்டாரசாமிகளின் காவியுடையில் மறவர் நாட்டில் உழைத்தவர். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அப்போது சேதுநாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபைத் தொடங்கிவைத்த இரகுநாதத் தொண்டைமான் அவருடைய மைத்துனர். அவருக்குப் புதுக்கோட்டைப் பகுதியின் ஆட்சியை அளித்தவரும் சேதுபதிதான். ஓரியூர் இராமநாதபுர மாவட்டத்தில் இருந்தாலும், அந்த மரணமும் புதுக்கோட்டை அரசின் தொடக்கமும் ஒரே அரசரின் காலத்தவை.

அருளும் ஆனந்தமும் சேர்ந்த பெயர் கொண்டவரை உரோமை பெயாத்துஸ் என்று அறிவிக்க 160 ஆண்டுகள் ஆயின. காரணம் புரிய, அந்தப் பட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

மக்கள் வழக்கிலிருந்து தீர்ப்பாணைக்கு

தொடக்கத்தில் பெயாத்துஸ், 'சாங்க்துஸ்' (புனிதர்) ஆகிய இரு சொற்களுக்கும் இடையே படிநிலை கிடையாது. லத்தீன் பூசையில் சொல்லப்பட்ட பாவ அறிக்கைச் செபமே சான்று. அதில் மரியாவுக்கும் மிக்கேல் தூதருக்கும் திருமுழுக்கு யோவானுக்கும் பெயாத்துஸ் என்ற அடை. பேதுரு, பவுலுக்குச் சாங்க்துஸ். மரியா பேதுருவுக்கு ஒரு படி கீழே என்று யாரும் கருதியதில்லை.

இறந்த நல்லவரின் கல்லறையில் மக்கள் விளக்கேற்றினார்கள். உள்ளூர் ஆயர் ஒப்புதல் அளித்தார். நம் ஊர்க் கோவில்களில் வழிபாடு வளர்ந்த விதமும் ஏறக்குறைய இதுதான். மெல்ல மெல்ல உரோமை இதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1588இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் இதையும் கவனிக்கும் பேராயம் ஒன்றை அமைத்தார். 1625இலும் 1634இலும் எட்டாம் உர்பான் வெளியிட்ட ஆணைகள், உரோமையின் இசைவின்றி எவருக்கும் பொது வணக்கம் செலுத்தக்கூடாது என்று தடுத்தன. தூய பேதுரு பேராலயத்தில் சடங்கு முறையாக நடந்த முதல் முத்திப்பேறு விழா 1662இல் பிரான்சிஸ் சலேசியாருக்கு நடந்தது.

அதன்பின் ஏணி உறுதிப்பட்டது. இறை ஊழியர், வணக்கத்திற்குரியவர், பெயாத்துஸ், புனிதர். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் உள்ள வேறுபாடு பரப்பளவில் இருக்கிறது. பெயாத்துஸுக்கு ஒரு மறைமாவட்டத்திலோ நாட்டிலோ துறவற சபையிலோ வணக்கம் செலுத்த இசைவு உண்டு. புனிதருக்கு உலகத் திருச்சபை முழுவதும் வணக்கம் செலுத்தும். பெயாத்துஸ் ஆவதற்கு அவர் பரிந்துரையால் ஒரு புதுமை நடந்தது மெய்ப்பிக்கப்பட வேண்டும். மறைசாட்சியாக இறந்தவருக்கு இந்த நிபந்தனை இல்லை.

அப்படியானால் அருளானந்தருக்கு ஏன் இவ்வளவு தாமதம்? அவர் உடுத்திய காவிதான் தடையாயிற்று. 1704இல் புதுச்சேரியில் பாப்பிறைத் தூதர் தூர்னோன் வெளியிட்ட ஆணை, இயேசு சபையினர் ஏற்றுக்கொண்டிருந்த உள்ளூர்ச் சடங்குகள் பலவற்றைத் தடைசெய்தது. தாலி, திருநீறு, பெயர் வைப்பது எல்லாம் அந்தச் சண்டைக்குள் வந்தன. திருமுழுக்குப் பெயர்கள் உரோமைப் புனிதர் பட்டியலிலிருந்தே இடப்பட வேண்டும் என்றும் ஆணை சொன்னது. இதை எதிர்த்து வாதாட உரோமைக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர், ஆவூரில் கோவில் எழுப்பிய அதே பூஷே, மற்றவர் லாய்னெஸ். இதே முறையில் வாழ்ந்து இறந்த ஒருவரை மறைசாட்சி என்று எப்படி அறிவிப்பது என்பது உரோமையின் தயக்கம். அந்தச் சடங்குகள் இந்த வழக்குக்குத் தடையல்ல என்று 1741இல் பதினான்காம் பெனெதிக்து தீர்த்துவைத்தார். ஆனால் 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1814இல் அது மீட்கப்பட்ட பிறகுதான் வழக்கு நகர்ந்தது. 1853 ஆகஸ்டு 21ஆம் நாள் ஒன்பதாம் பயஸ் அவரைப் பெயாத்துஸ் என்று அறிவித்தார். 1947 ஜூன் 22ஆம் நாள், இந்திய விடுதலைக்கு எட்டு வாரம் முன்பு, பன்னிரண்டாம் பயஸ் புனிதர் என்று அறிவித்தார். அப்போது புதுக்கோட்டை இன்னும் சமஸ்தானம்.

ஒப்பிட்டுப் பார்க்க அண்மைக்காலச் சான்று தேவசகாயம் பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர். குருவுமல்லர், துறவியுமல்லர்; திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய இல்லறத்தார். 2005க்குப் பிறகு முத்திப்பேறு விழாக்கள் பெரும்பாலும் அந்தந்த நாட்டிலேயே நடக்க வழிவகுக்கப்பட்டதால், 2012 டிசம்பர் 2ஆம் நாள் அவருடைய விழா நாகர்கோவிலில், தமிழர் கூட்டத்தின் நடுவே நடந்தது. 2022 மே 15ஆம் நாள் பாப்பிறை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அருளானந்தரைப் பெயாத்துஸ் ஆக்கிய லத்தீன் அறிவிப்பு இந்த மண்ணில் ஒலிக்கவில்லை. தேவசகாயத்தின் விழா நடந்தபோது அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி மக்கள் முன்னேயே எழுந்தது. 'முத்திப்பேறு பெற்றவர்', 'அருளாளர்' இரண்டும் வழங்கின.

எந்தச் சொல் சரி?

'அருளாளர்' சுருக்கமானது, வேண்டுதலில் வாய்க்கு எளிதானது, தூய தமிழ். பெயருக்கு முன் பட்டமாக ஒட்டவும் செய்கிறது. 'முத்திப்பேறு பெற்ற' என்ற நீண்ட தொடரை ஒவ்வொரு முறையும் இழுப்பது கடினம் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் பொருளில் ஒரு நழுவல் நேர்ந்துவிட்டது.

தமிழ்ச் சமய வழக்கில் அருளாளர் என்றால் பெரிதும் அருளை ஆள்பவர். காஞ்சி வரதரைப் பேரருளாளன் என்பார்கள் வைணவர். வரம் தருபவர் என்று பொருள்படும் வரதர் என்ற பெயருக்கு அதுவே தமிழ் ஈடு. வேளாளன், தாளாளன், படைப்பாளன் என்று 'ஆளன்' விகுதி ஏற்ற சொற்கள் ஒன்றைத் தன் வசம் வைத்து நடத்துபவரையே காட்டுகின்றன. அருள் உடையவர் என்றும் பொருள் கொள்ளலாம், மறுக்கவில்லை. இருந்தாலும், கேட்பவர் காதில் முதலில் விழுவது கொடுக்கும் கை. பெயாத்துஸ் என்பதில் இருப்பதோ ஏந்திய கை.

இறையியலும் அதையே சொல்கிறது. இறந்தவர் இறைவனை முகமுகமாகக் காணும் நிலையை லத்தீனில் 'பெயாத்துஸ் ஆக்கும் காட்சி' என்பார்கள். 1336இல் பன்னிரண்டாம் பெனெதிக்து அதைக் கோட்பாடாக வரையறுத்தார். ஒருவரைப் பெயாத்துஸ் என்று அறிவிப்பது, அவர் அந்தக் காட்சியை அடைந்துவிட்டார் என்று திருச்சபை அறிவிப்பதுதான். வரம் தரும் அதிகாரம் அவருக்கு வழங்கப்படுவதாக அதற்குப் பொருளில்லை. தமிழில் இதற்கு வீடுபேறு என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. 'முத்திப்பேறு பெற்றவர்' அந்த மரபுவழிப் பொருளை அப்படியே எடுத்துக்கொண்டது.

இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. லத்தீன் படித்தவருக்கு மலைப்பொழிவின் ஏழையும், பீடத்தில் படம் திறக்கப்படும் பெயாத்துஸும் ஒரே சொல். அழுபவருக்குச் சொன்ன அதே வார்த்தையால் மறைசாட்சியை அழைக்கிறார்கள் என்பது காதிலேயே விழும். தமிழில் மலைப்பொழிவில் 'பேறுபெற்றோர்', பட்டத்தில் 'அருளாளர்'. இரண்டுக்கும் உறவு உண்டு என்பது இனி யாராவது விளக்கினால்தான் தெரியும். நிலக்கிழாரிடமிருந்து ஏழைக்கு வந்த சொல், பட்டமானவுடன் ஏழையை விட்டுப் பிரிந்துவிட்டது.

நீளம்தான் சிக்கல் என்றால் 'பேறுபெற்ற தேவசகாயம்' என்று சொல்லியிருக்கலாம். 'நற்பேற்றாளர்' என்றுகூட ஆக்கியிருக்கலாம். முதலில் கரடாகத்தான் இருக்கும். அர்ச்சியசிஷ்டரையே வாய்க்குப் பழக்கிக்கொண்ட மக்கள் இதையும் பழக்கியிருப்பார்கள். இறை ஊழியர், வணக்கத்திற்குரியவர் என்ற படிகளில் இன்று தமிழர் சிலர் இருக்கிறார்கள். அவர்களுள் அடுத்தவருக்கு அந்த விழா நடக்கும்போது, பலகையில் எழுதப்போகும் சொல்லைத் தமிழ்த் திருச்சபை ஒருமுறை மலைப்பொழிவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அங்கே இருக்கும் சொல் பேறு.